ஆடு எங்கே இறங்கியது

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் தனியார் பேருந்துகளில் டிரைவர் தலைக்குப் பின்னால் ஒரு டிவி இருக்கும். சென்ற மாதம் நான் போனபோது அதில் ஒரு பழைய நகைச்சுவைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நண்பர்கள் ஒரு பணக்காரரின் காரை மதுரையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுபோய், அவர் மகனின் கல்யாணத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். வழியெல்லாம் தவறுகள். டிக்கியில் யாரோ வைத்துவிட்ட பெட்டி, அதைத் துரத்தி வரும் ஒரு மீசைக்காரன், திண்டுக்கல் பக்கத்தில் தானாக வந்து பின்சீட்டில் ஏறிக்கொள்ளும் ஓர் ஆட்டுக்குட்டி.

பத்திரிகையில் படங்களைப் பற்றிக் குறிப்பு எழுதுவது என் வேலைகளில் ஒன்று. இந்தப் படத்துக்கு எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன்: நாயகர்கள் இருவரையும் நமக்குப் பிடித்துப்போகிறது. அவர்களோடு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம் என்று இருக்கிறது. ஆனால் எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்பது கதையை எழுதியவருக்கே தெரியவில்லை. பெட்டியைப் பாதியில் மறந்துவிடுகிறார்கள். மீசைக்காரன் பழனிக்குப் பிறகு வருவதே இல்லை. ஆட்டுக்குட்டி ஒரு பாட்டுக்கு முன்னால் காரில் இருக்கிறது, பாட்டுக்குப் பின்னால் இல்லை.

திருமங்கலத்தில் நான் இறங்கும்போது ஆடு அப்போதுதான் ஏறியிருந்தது. பேருந்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது எங்கே இறங்குகிறது என்று பார்க்க நான் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அந்தப் படத்தை, அது வெளிவந்த புதிதில், அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அவரும் அப்பாவும் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்து, ஒன்றாகத் தோற்றவர்கள். அப்போதிருந்தே ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடலாம். பிறகு மாமா தன் தங்கையை அப்பாவுக்குக் கட்டிவைத்தார். கூட்டாளியைக் கடைசிவரை பக்கத்தில் வைத்துக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி அதுதான் என்று அம்மா பின்னாளில் ஒருமுறை சொன்னாள். கசப்போடு சொல்லவில்லை.

இருவரும் சேர்ந்து ஒரு குட்டி லோடு வேன் வைத்திருந்தார்கள். எழுமலை, உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் தக்காளியும் கத்திரிக்காயும் ஏற்றி மதுரையில் மாட்டுத்தாவணிச் சந்தையில் இறக்குவார்கள். போகும்போது அப்பா ஓட்டுவார், திரும்பும்போது மாமா. இந்த விதியை யார் போட்டார்கள் என்று தெரியாது. ஆனால் அதை அவர்கள் மீறி நான் பார்த்ததில்லை. பள்ளி இல்லாத நாட்களில் நானும் போவேன். எனக்கு எப்போதும் நடு இடம்தான். ஜன்னலோரம் கேட்டு அழுதிருக்கிறேன், கிடைக்காது. அந்தப் பக்கத்துக் கதவில் பூட்டு சரியில்லை, வேகத்தடையில் ஏறி இறங்கினால் திறந்துகொள்ளும். அதனால் கைப்பிடியை இருக்கைக் கம்பியோடு சேர்த்து ஒரு நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். "நல்லா வளந்ததும் அங்க உக்காருவ பாப்பா" என்று அப்பா சொல்வார்.

அப்பாவும் அம்மாவும் நல்லவர்கள். ஒரே வீட்டில் இருக்க முடியாத நல்லவர்கள். என்ன காரணம் என்று பின்னாளில் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். இருவர் சொன்னதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. யாரும் பொய் சொன்னதாகவும் தோன்றவில்லை. நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது அம்மா எழுமலையில் தன் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்துக்காக நான் திருமங்கலத்தில் அப்பாவோடும் அத்தையோடும் இருந்தேன். சனிக்கிழமை தோறும் வேன் என்னை எழுமலையில் இறக்கிவிடும், ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்ப ஏற்றிக்கொள்ளும். தக்காளிக்கும் எனக்கும் ஒரே வண்டி.

அந்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உசிலம்பட்டிச் சாலையில் ஒரு கோயில் மண்டபத்தில் கூடினார்கள். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு தூணோரம் உட்கார்ந்திருக்க, துரும்பு கிள்ளிப் போட்டுத் தீர்த்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துவைக்க ஒரு துரும்பு போதும். அந்த நிமிஷத்திலிருந்து இரண்டு வீட்டாரும் ஒருவரிடம் ஒருவர் கை நனைக்கக் கூடாது. சோறு மட்டுமில்லை, தண்ணீரும் ஆகாது.

மிச்சமிருந்தது நான். பிள்ளை யாரோடு இருப்பது என்பதில் இரண்டு பக்கமும் இறங்கிவரவில்லை. கடைசியில் ஒரு பெரியவர், பிள்ளையையே கூட்டிவந்து சபை நடுவில் நிறுத்திக் கேட்டுவிடுவோம், யாரைச் சொல்கிறதோ அவர்களோடு போகட்டும் என்றார். அம்மா வேண்டாம் என்றிருக்கிறாள். அது யார் காதிலும் விழவில்லை. யார் போய்க் கூட்டிவருவது என்பதில் மறுபடி சிக்கல். அப்பா மட்டும் போனால் வழியிலேயே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார் என்றது அம்மா பக்கம். மாமா மட்டும் போனால் அவர் சொல்லிக்கொடுத்துவிடுவார் என்றது அப்பா பக்கம். ஒருவருக்கு ஒருவர் காவலாக இருக்கட்டும் என்று இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பினார்கள். அந்த மண்டபத்தில் சேர்த்து அனுப்பக் கூடாத இரண்டு பேர் அவர்கள்தான் என்பது அத்தனை தலைகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை.

இவ்வளவும் நான் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது. அன்று நான் பார்த்தது வேறு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளி வாசலில் எங்கள் வேன் நின்றது. இருவரும் வெள்ளைச் சட்டையும் வேட்டியும் கட்டியிருந்தார்கள். சந்தைக்குப் போகிறவர்கள் அப்படிக் கட்டுவதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நடு இடத்தில் ஏறினேன். அப்பா ஓட்டினார். வண்டி உசிலம்பட்டிச் சாலையில் போயிற்று. வழக்கமாக இந்த இருவரும் வண்டியில் ஏறியதும் தொடங்கும் பேச்சு இறங்கினாலும் முடியாது. அன்று இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

எங்கே போகிறோம் என்று எனக்கு ஓரளவு தெரியும். கோயிலில் பெரியவர்கள் கூடுகிறார்கள், என்னையும் ஒரு கேள்வி கேட்டாலும் கேட்பார்கள் என்று இரண்டு வீட்டிலும் முன்பே பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்டால் அம்மா என்று சொல்ல வேண்டும் என்று எழுமலையில் பெரியம்மா சொல்லியிருந்தாள். அப்பா என்று சொல்ல வேண்டும் என்று காலையில் தலை பின்னிவிடும்போது அத்தை சொல்லியிருந்தாள். இரண்டு பதிலையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒரு கேள்விக்கு இரண்டு பதில் இருக்க முடியாது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்ததுதான் உறுத்தியது.

"மாமா, ரெண்டுல எது சரி?" என்று கேட்டேன்.

எதுக்கு எது சரி என்றார் மாமா. விளக்கினேன். பெரியம்மா சொன்னதையும் அத்தை சொன்னதையும் அவர்கள் குரலிலேயே சொல்லிக்காட்டினேன். அதற்கு எப்போதும் சிரிப்பார்கள். அன்று மாமா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஒனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லு மருமகளே" என்றார்.

"எனக்கு அப்பாகூடத்தேன் இருக்கணும். அங்க அம்மாவும் இருக்குமா?"

"இருக்கும்."

"அம்மாவுக்குக் கேக்குற மாதிரியா சொல்லணும்?"

வண்டி வேகம் குறைந்து, பூட்டியிருந்த ஒரு பெட்டிக்கடை ஓரத்தில் புளியமரத்தடியில் நின்றது. இருவரும் இறங்கி வண்டிக்குப் பின்னால் போனார்கள். பக்கக் கண்ணாடியில் எனக்கு இரண்டு பேரும் பாதிப் பாதியாகத் தெரிந்தார்கள். அப்பா சாலையோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மாமா வேட்டியை மடித்துக் கட்டியபடி, எதுவும் விதைக்காத ஒரு வயலை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேட்டா ஒன்னையத்தேன் சொல்லுவா. நீ ஜெயிச்சுருவ மாப்ள" என்று மாமா சொன்னது கேட்டது.

"ஜெயிச்சு? அவ ஆத்தா மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்லணும்டா அத. ஆயுசுக்கும் அது புள்ள மேல கெடக்கும்."

ஏதோ போட்டியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் பள்ளியிலும் அந்த வாரம் ஓட்டப் போட்டி இருந்தது. மாமா வண்டிக்குள் கையை விட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் போய் நீட்டினார். அப்பா பாதி குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மீதியை மாமா குடித்தார். துரும்பு கிள்ளிப் போட்டு அப்போது சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுக்குத் தாகம் என்பதுதான்.

பிறகு வண்டி திரும்பி, வந்த வழியே போயிற்று. கோயில் அந்தப் பக்கம்தானே என்று கேட்டேன்.

"பாதை மாறிப்போச்சு பாப்பா" என்றார் அப்பா.

தினமும் அவர் ஓட்டும் சாலை அது. கண்ணைக் கட்டிவிட்டாலும் எழுமலைக்குப் போய்ச் சேர்வார் என்று மாமாவே சொல்வார். அதைச் சொல்லலாமா என்று மாமாவைப் பார்த்தேன். அவர் இரண்டு பேருடைய செல்போன்களையும் வாங்கி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறைக்குள் போட்டு மூடினார். திருமங்கலம் தாண்டுவதற்குள் அவை அடிக்கத் தொடங்கின. ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று. திருப்பரங்குன்றம் மலை கண்ணில் பட்டபோதுதான் இரண்டும் அடங்கின. எங்கே போகிறோம் என்று கேட்டதற்கு மாமா, "மருதைக்கு. படம் பாக்க" என்றார். எந்தப் படம் என்று அவருக்கும் தெரியவில்லை. பழங்காநத்தம் தாண்டி முதலில் கண்ணில் பட்ட தியேட்டருக்குள் வண்டியை விட்டார்கள்.

இருவரும் அந்தப் படத்துக்கு அப்படிச் சிரித்தார்கள். படம் அவ்வளவு நன்றாக இல்லை என்பது எனக்கே தெரிந்தது. நாயகர்கள் இருவரும் காரைத் தள்ளிக்கொண்டே ஓடி, கார் கிளம்பியதும் ஏற முடியாமல் பின்னால் துரத்தும் காட்சியில் மாமா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்தும் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது திரையில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை, ஒரு பெண் கடிதம் படித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்ததும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, ஆட்டக் காணோம்டா."

"டைரக்டரு மறந்துட்டான் போல" என்றார் அப்பா.

"அவன் மறக்கட்டும். மடியில வச்சுப் பால் குடுத்தாய்ங்கள்ல, அந்த ரெண்டு பேருமா மறப்பாய்ங்க?"

முன்வரிசையில் இருந்தவர் திரும்பி, "அண்ணே, படம் பாக்க விடுங்கண்ணே" என்றார். "நல்லாப் பாருண்ணே. ஆடு தட்டுப்பட்டா எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லு" என்றார் மாமா. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கார் ஊட்டி மலையில் ஏறிக்கொண்டிருந்தது, குளிர் என்று நாயகர்களே போர்த்திக்கொண்டிருந்தார்கள். குட்டியை எங்கே விட்டார்கள் என்று கவலையாக இருந்தது. கடைசிவரை பின்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்து எல்லோரும் வெளியேறிய பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. பெருக்குகிற பெண் எங்கள் வரிசை வரைக்கும் வந்துவிட்டாள். இன்னொரு ஆட்டம் பார்க்கலாமா என்று அப்பா கேட்டார். மாமா தலையை ஆட்டினார். "வேணாம் மாப்ள. இந்நேரம் கலைஞ்சிருப்பாய்ங்க."

வெளியே வந்து பரோட்டா தின்றோம். ஒரே இலையில் மாமா பரோட்டாவைப் பிய்த்துப்போட, அப்பா சால்னாவை ஊற்ற, மூன்று பேரும் அள்ளிச் சாப்பிட்டோம். அப்படிச் சாப்பிடுவது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் கை கழுவின பிறகும் அவர்கள் அந்த மேஜையிலேயே, காலி இலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, அடுத்து வந்தவர்கள் பக்கத்தில் நின்று முறைக்கும்வரை உட்கார்ந்திருந்தது புதிது.

மண்டபத்தில் நடந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் பொழுது சாயும்வரை காத்திருந்திருக்கிறார்கள். உங்கள் ஆள் எங்கள் ஆளைக் கெடுத்துவிட்டான் என்று இரண்டு பக்கமும் ஒரே குற்றச்சாட்டை மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். கேட்பதற்குப் பிள்ளை இல்லாததால் கேட்காமலே முடிவு செய்தார்கள்: பெண் பிள்ளை, தாயோடு இருக்கட்டும். வேன் மாமாவுக்கு. சபையை மதிக்காத இருவரும் இனி முகம் பார்த்துப் பேசக் கூடாது. பார்த்துப் பேசினால் அந்தந்தப் பக்கத்துச் சொந்தம் அவர்களுக்கு இல்லை. இப்படித்தான் முடியும் என்று வண்டியைத் திருப்பும்போதே இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்பா ஒரு சொல் எதிர்த்துச் சொல்லவில்லை. பிறகு நாமக்கல்லில் லாரி ஓட்டப் போனார். எழுமலையில் என் பள்ளி வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவார். மாமா அந்த நேரங்களில் அந்தத் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொண்டார்.

அம்மாவிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். "நீ என்ன சொல்லியிருப்பன்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கு நீ வராமப் போனதுக்கு நான் கோயில்ல வெளக்குப் போட்டேன்" என்றாள்.

சென்ற மாதம் நான் திருமங்கலம் போனது அப்பாவின் கருமாதிக்கு. மாமாவும் வந்திருந்தார். வீட்டுக்குள் வரவில்லை. எதிர்ச் சாரியில், மூடிக் கிடந்த ஒரு கடையின் முன்னால், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றார். யாரோ ஒரு பையன் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தான். கையைக் கூப்பி வேண்டாம் என்றார். காரியம் முடியும்வரை நின்றுவிட்டு, என்னிடம் வந்து தலையில் கையை வைத்துவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமைக்குத் திரும்புகிறேன். மதுரையிலிருந்து மாமா ஓட்டினார். அப்பா ஜன்னலோரம், நான் நடுவில். இருட்டத் தொடங்கியிருந்தது. திருமங்கலத்தில் பேருந்து நிலையத்துக்கு முன்னால் மாமா வண்டியை நிறுத்தினார். அப்பா கயிற்றை அவிழ்த்து இறங்கினார். நானும் பையை எடுத்தேன். அங்கிருந்து எங்கள் வீடு நடக்கிற தூரம்தான். அப்பா என்னை இறங்க விடவில்லை. "நீ மாமாகூட அம்மாகிட்டப் போ பாப்பா" என்றார். மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை எழுமலைக்குப் போவது வழக்கம்தானே. எனக்கு அதில் புதிதாக எதுவும் படவில்லை.

அப்பா கதவைச் சாத்தி, வெளியிலிருந்து ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கயிற்றைக் கட்டினார். இழுத்துப் பார்த்தார். அவிழ்த்து மறுபடியும் கட்டினார். மாமா சாலையையே பார்த்துக்கொண்டு, "போதும் மாப்ள" என்றார். அப்பா இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

எனக்கு அப்போதும் ஆட்டு நினைப்புதான்.

"அப்பா, அந்த ஆடு எங்க எறங்குச்சு?"

அவர் கை கயிற்றின் மேலேயே இருந்தது. "நல்ல எடத்துலதேன் எறங்கியிருக்கும் பாப்பா" என்றார். "ரெண்டு பேரும் பாத்துத்தேன் எறக்கி விட்டிருப்பாய்ங்க."

வண்டி கிளம்பியது. நான் நகர்ந்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். காற்று முகத்தில் அடித்தது. எத்தனையோ முறை அழுதும் கிடைக்காத இடம். அப்பா விளக்குக் கம்பத்தடியில் நின்று கையைத் தூக்கினார். நானும் காட்டினேன், திங்கட்கிழமை பார்க்கப்போகிறவருக்குக் காட்டுவது போல. அந்த இடம் எப்படிக் காலியாயிற்று என்று மாமாவிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான் வளர்ந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.